பதிவேடும் மனையும்: சேவையகச் சூழல்களை ஆக்கலும் நீக்கலும்

கணினியில் ஒன்றை ஆக்குவது எளிது, நீக்குவது அதனினும் எளிது என்பது பொதுவான எண்ணம். ஒரு விசையைத் தட்டினால் கோப்பு பிறக்கிறது. இன்னொன்றைத் தட்டினால் மறைகிறது. இங்கே நாம் எடுத்துக்கொண்டிருக்கும் சிறு பொருள் இந்த எண்ணத்திற்கு ஒத்துவருவதில்லை. வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், தொழிற்சாலை ஆகியவற்றின் பின்னறைகளில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பது பயன்பாட்டுச் சேவையகம் என்னும் மென்பொருள். அதற்குள் 'புரொஃபைல்' என்ற பெயரில் தனித்தனி இயக்கச் சூழல்களை ஆக்குகிறார்கள். தேவை தீர்ந்தபின் நீக்குகிறார்கள். இவ்விரு செயல்களும் எவ்வாறு உருப்பெற்றன என்னும் வரலாற்றையே சொல்லப் புகுகிறோம்.

தமிழ் அவையில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'டெலீட்' என்னும் ஒரு சொல்லுக்குள் இங்கே மூன்று வெவ்வேறு செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாத மாணவன் ஒருநாள் பணிக்குச் சென்று, மீட்க முடியாததை இழக்கவும் கூடும். அழிந்திருக்க வேண்டியதை அறியாமல் விட்டுவைக்கவும் கூடும். மூன்றையும் வேறுபடுத்திச் சொல்லும் வினைகள் தமிழில் இருக்கின்றன. நம் கலைச்சொற் பட்டியல்களோ 'நீக்கு', 'அழி' என்னும் இரண்டையும் ஒருபொருட் சொற்களாகவே வைத்திருக்கின்றன.

சேவையகத்திற்குள் செல்லுமுன், அதன் அமைப்பை விளக்கப் பினாங்கின் வரலாறே நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டபோது, வணிகரை ஈர்க்கும்பொருட்டு இதனைத் தீர்வையில்லாத் துறைமுகமாக்கினார். இடையிற் சில தீர்வைகள் வந்தும் போயும் இருந்தாலும், அந்தத் தகுதியே ஜார்ஜ் டவுனின் செல்வத்திற்கு அடிப்படையாயிற்று. 1969இல் அத்தகுதி நீக்கப்பட்டது. தகுதி ஓர் அரசாணையில் நீங்கிற்று. கிடங்குகளும், அவற்றில் மூட்டை சுமந்தவர்களும், கடைக்காரர்களின் கடன்பற்றும் அந்த ஆணையோடு நீங்கிவிடவில்லை. 1971இல் தீர்வையற்ற வணிக வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டு, 1972இல் பாயான் லெப்பாசில் அத்தகைய வட்டாரம் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் வந்தன. இன்டெல் அமெரிக்காவிற்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது.

இவ்வட்டாரத்தின் இயல்பைக் கவனிக்க வேண்டும். நிலம் மலேசிய நிலம். காவலும் நீதிமன்றமும் நாட்டிற்குப் பொதுவானவை. சுங்கக் கணக்கில் மட்டும், வேலிக்குள் இருப்பது நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. நாடு பொது, விதி தனி. அந்த வேலிக்குள் ஒரு விதியை மாற்றினால் நாடு முழுவதும் மாறுவதில்லை. நாட்டின் பொதுச்சட்டத்தைத் திருத்தினால் அது வேலிக்குள்ளும் செல்கிறது. பயன்பாட்டுச் சேவையகத்தில் 'புரொஃபைல்' என்பது இத்தகைய வேலியிட்ட வட்டாரமே.

அதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது? சமூக ஊடகங்களின் வழியே 'சுயவிவரம்' என்னும் சொல் பரவியிருக்கிறது. ஒருவர் தம்மைப் பற்றித் தரும் குறிப்பிற்கு அது பொருந்தும், இங்கே பொருந்தாது. இங்கே நாம் காண்பது விவரம் அன்று. ஒரு சேவையகம் குடியிருந்து தொழில் செய்யும் இடம். அதற்குள் அதன் அமைவுகள் இருக்கின்றன. அதில் ஏற்றப்பட்ட பயன்பாடுகளும், சாவிகளும் சான்றிதழ்களும், அன்றாட நிகழ்வுக் குறிப்புகளும் இருக்கின்றன. ஒரே பெரிய வீட்டில் அண்ணன் தம்பியர் தனித்தனி அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்துவதற்கு இது நெருக்கமானது. ஆகவே 'இயக்கமனை' என்னும் சொல்லை இக்கட்டுரையில் ஆள்கிறோம். இது பட்டியல்களில் ஏறிய சொல் அன்று, எம் பரிந்துரை மட்டுமே. மனை என்பது வீட்டையும் குறிக்கும், வீடு கட்டும் நிலத்தையும் குறிக்கும் என்பதால் இதைத் தேர்ந்தோம். பின்னால் வரும் செய்திகளில் இந்த இரட்டைப் பொருள் துணைசெய்யும்.

பொதுவானதையும் தனித்தனியானதையும் பிரித்து வைக்கும் எண்ணம் சேவையகங்களோடு பிறந்ததன்று. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இயக்க முறைமையிலேயே அதைக் காணலாம். நிரல்கள் எல்லாருக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இல்லக் கோப்புறை உண்டு. பயனர் அனைவரின் பெயரும் ஒரு பொதுப் பதிவேட்டில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். யூனிக்ஸ் வழிவந்த லினக்சில் ஒரு பயனரை நீக்கும் கட்டளையைச் சும்மா இட்டால், பதிவேட்டிலிருந்து அவர் பெயர் மட்டுமே போகும். இல்லக் கோப்புறை அங்கேயே கிடக்கும். அதையும் சேர்த்து நீக்க விரும்பினால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால், அக்கோப்புகளுக்கு உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் வெறும் எண் ஒன்று நிற்கும். பிறகு வரும் புதிய பயனர் ஒருவருக்கு அதே எண் கிடைத்துவிட்டால், பழையவரின் கோப்புகள் அனைத்தும் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். பெயர் வேறு, பொருள் வேறு, இரண்டையும் இணைக்கும் எண் வேறு என்பதை மறந்தவர்களுக்கு இது நேர்ந்திருக்கிறது.

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டது. வலைப்பக்கங்கள் பெருகிய காலம் அது. பயனர் கேட்டவுடன் தரவுத்தளத்தில் தேடி, கணக்கிட்டு, விடையைப் பக்கமாக்கித் தரும் நிரல்கள் தேவைப்பட்டன. அந்நிரல்களைத் தாங்கி ஓட்டும் மென்பொருளே பயன்பாட்டுச் சேவையகம். ஐபிஎம் நிறுவனத்தின் வெப்ஸ்பியர் 1998இல் வந்தது. அதே ஆண்டில் பிஇஏ நிறுவனம் வெப்லாஜிக்கை வாங்கியது. அடுத்த ஆண்டில் சன் நிறுவனம் தன் நிரலை அப்பாச்சி அமைப்புக்கு வழங்க, அது டாம்கேட் ஆயிற்று. ஜேபாஸ் திட்டமும் 1999இல் தொடங்கியதே. ஜாவாவின் நிறுவனப் பதிப்பிற்கான பொது வரையறை அவ்வாண்டு இறுதியில் வெளிவந்தது.

தொடக்கத்தில் ஒரு கணினியில் மென்பொருளை ஒருமுறை நிறுவினார்கள்; அதற்கு ஓர் அமைவு இருந்தது. சிக்கல் விரைவிலேயே தோன்றியது. ஒரே நிறுவனத்திற்குச் சோதனைக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, உண்மைப் பணிக்கு ஒன்று எனக் குறைந்தது மூன்று சேவையகங்கள் வேண்டும். மூன்று முறை நிறுவினால் வட்டில் இடம் மும்மடங்கு போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புக் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, உற்பத்தியாளர் திருத்தம் அனுப்பும்போது, மூன்று இடத்திலும் மறவாமல் இட வேண்டும். இரண்டில் இட்டு மூன்றாவதை மறந்தவர்களின் பெயரை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

இதற்கு ஒவ்வொரு குழுவும் தனித்தனியே ஒரே விடையை வந்தடைந்தது. நிரலை ஓரிடத்தில் வை. அமைவை வேறிடத்தில் வை. டாம்கேட்டில் நிரல் இருக்கும் இடத்திற்கு ஒரு பெயர், இயங்கும் இடத்திற்கு வேறொரு பெயர். வெப்லாஜிக்கில் அது 'டொமைன்'. ஜேபாசின் பழைய பதிப்புகளில் 'மினிமல்', 'டிஃபால்ட்', 'ஆல்' என்று மூன்று ஆயத்தக் கோப்புறைகள் இருந்தன. வேண்டியதைப் படியெடுத்துப் புதுப்பெயர் இட்டால் போதும். வெப்ஸ்பியரின் ஐந்தாம் பதிப்பில் இதற்கொரு சிறு கருவி இருந்தது. 2004 இறுதியில் வந்த ஆறாம் பதிப்பில்தான் 'புரொஃபைல்' என்னும் பெயரோடு இம்முறை மென்பொருளின் அடித்தளமாகவே அமைந்தது. அதிலிருந்து, இயக்கமனை இல்லாமல் வெப்ஸ்பியர் ஓடவே ஓடாது. 2006இல் வந்த 6.1 பதிப்பில் இயக்கமனைகளை ஆளும் கட்டளைக்கு 'மேனேஜ்புரொஃபைல்ஸ்' என்னும் பெயர் அமைந்தது. இன்றும் அதே பெயர்தான்.

ஆக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கட்டளை இடுபவர் முதலில் ஒரு வார்ப்புருவைத் தேர்கிறார். தனித்து இயங்கும் சேவையகத்திற்கு ஒரு வார்ப்புரு, பல கணினிகளை மேற்பார்க்கும் தலைமை நிருவாகத்திற்கு ஒன்று, அதற்குக் கீழ்ப்பட்டு இயங்குவதற்கு ஒன்று. பிறகு மனைக்குப் பெயர், அது அமையும் இடம், கணினியின் பெயர் ஆகியவற்றைச் சொல்கிறார். பெயர் சொல்லாவிட்டால் மென்பொருளே 'ஆப்சர்வ்01' என்பது போல் ஒன்றைச் சூட்டிக்கொள்ளும். உலகெங்கும் எண்ணற்ற அலுவலகங்களில் இந்த 01 நிற்கிறது, பெயர்வைக்க யாரும் ஒரு நிமிடம் செலவிடவில்லை என்பதற்குச் சான்றாக.

அடுத்து வாயில்கள். சேவையகம் எந்த எண்ணுள்ள வாயிலில் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குப் 'போர்ட்' என்று பெயர். தமிழ்நாட்டுப் பட்டியல்கள் சிலவற்றில் 'துறை' என்று கண்டிருக்கிறோம். துறைமுக நகரில் வாழும் நமக்குத் துறை என்றால் கப்பல் வரும் இடமே கண்முன் நிற்கும். கதவு என்னும் பொருளே இங்கே பொருத்தம் என்பதால் வாயில் என்கிறோம். வெப்ஸ்பியரின் முதல் மனைக்கு வழக்கமாக 9080ஆம் வாயில் கிடைக்கும். அதே கணினியில் இரண்டாம் மனையை ஆக்கினால், முன்னது பிடித்திருக்கும் எண்களைப் பார்த்து அடுத்த எண்ணை மென்பொருளே எடுத்துக்கொள்ளும். எதைப் பார்த்து அறிகிறது? ஏற்கெனவே உள்ள மனைகள் அனைத்தின் பெயரும் இடமும் எழுதப்பட்ட பதிவேடு ஒன்று, நிறுவப்பட்ட நிரலின் பொதுக் கோப்புறைக்குள் இருக்கிறது. புதிய மனையின் பெயரும் இறுதியில் அதில் ஏறும்.

மனையின் கோப்புகள் ஓரிடத்தில், மனையின் பெயர் வேறிடத்தில். நீக்கத்தின் சிக்கல் முழுவதற்கும் இதுவே வேர்.

இவ்விரட்டை ஏற்பாடு நம்மவர்க்குப் புதிதன்று. பினாங்கிற்கு எதிர்க்கரையில் உள்ள கெடாவைப் பழந்தமிழர் கடாரம் என்றனர். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் விகாரம் ஒன்றை எழுப்பினான். அதற்கு முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். இன்று லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடு இந்தக் கொடையைச் சொல்கிறது. கொடை எவ்வாறு நடந்தேறியது என்பதை அது படிப்படியாகத் தருவதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அரசன் வாய்மொழியாக ஆணையிடுகிறான், அது ஓலையில் எழுதப்படுகிறது, அதிகாரிகள் ஒப்புநோக்குகிறார்கள், வரிக்கணக்கில் பதிவு ஏறுகிறது. பிறகு ஊரில் பெண் யானையை நடத்தி எல்லை வகுத்து, கல் நாட்டுகிறார்கள். செப்பேடோ இராசராசன் மறைந்தபின், அவன் மகன் காலத்தில்தான் வெட்டப்பட்டது. பதிவேட்டில் ஏறிய ஊரும், கல் நாட்டிய ஊரும், செப்பேட்டில் நிற்கும் ஊரும் ஒரே ஊர். ஆனால் மூன்றும் மூன்று வேலை. கல்லைப் பெயர்த்தால் வரிக்கணக்கு மாறாது. வரிக்கணக்கில் அடித்தால் கல் பெயராது. சோழர் ஆட்சி இதனை அறிந்திருந்ததனாலேயே வரிப்பொத்தகம் காப்பதற்கென்று தனி அலுவலர்களை வைத்திருந்தது.

இனி நீக்கம். வெப்ஸ்பியரில் ஓர் இயக்கமனையை முறையாக நீக்க வேண்டுமானால் மூன்று செயல்கள் வரிசையாக நிகழ வேண்டும்.

முதலாவது விலக்கல். மனை தனித்து இயங்குவதாயின் இதற்குத் தேவை இல்லை. பல கணினிகள் சேர்ந்த கூட்டில் உறுப்பாக இருந்தால், முதலில் கூட்டிலிருந்து விலக வேண்டும். இதைச் செய்யாமல் மனையை நீக்கிவிட்டால், தலைமை நிருவாகத்தின் பட்டியலில் அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே நிற்கும். திரையில் பெயர் தெரியும். கூப்பிட்டால் விடை வராது. அதைத் துடைப்பதற்கென்றே தனிக் கட்டளை ஒன்று தேவைப்பட்டு, அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு மறுதலையான நிலை மிகவும் கொடியது. தலைமை நிருவாகம் குடியிருக்கும் மனையையே முதலில் நீக்கிவிட்டால், கீழுள்ள உறுப்புகள் எல்லாம் யாரிடம் கேட்பது என்று அறியாமல் நிற்கும். அவை உடனே நின்றுவிடுவதில்லை. கடைசியாகப் பெற்ற அமைவோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே தவறு நேர்ந்தது என்பதே சில நாள் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது பெயர் நீக்கல். சேவையகத்தை நிறுத்திவிட்டு, நீக்கும் கட்டளையை மனையின் பெயரோடு இட வேண்டும். கட்டளை மனையின் அமைவுகளை அகற்றிப் பொதுப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கிறது. முடிவில் வரும் செய்தி மூன்று வகை: வெற்றி, தோல்வி, பகுதி வெற்றி. தேர்விலும் தேர்தலிலும் நாம் கேளாத இந்த மூன்றாம் வகையைப் பொறியாளர்கள் சேர்த்திருப்பது அவர்கள் நேர்மைக்குச் சான்று என்றே கருதுகிறோம். வேறு நிரல் பிடித்துக்கொண்டிருந்த கோப்பு ஒன்று போகாமல் நின்றிருக்கலாம். கட்டளை அதை மறைக்காமல் சொல்கிறது.

மூன்றாவது அழித்தல். பெயர் போனபின்னும் மனையின் கோப்புறை வட்டில் எஞ்சி நிற்பது வழக்கம். அதற்குள் பெரும்பாலும் நிகழ்வுக் குறிப்புகள் கிடக்கும். உற்பத்தியாளரின் கையேடே, நீக்கியபின் அக்கோப்புறையைக் கைப்பட அழிக்கச் சொல்கிறது. ஏன் மென்பொருளே அழித்துவிடவில்லை? நிகழ்வுக் குறிப்புகள் சான்றாகப் பயன்படும். சேவையகம் ஏன் பழுதுபட்டது என்று பிறகு ஆராய வேண்டுமானால் அவையே வேண்டும். ஆகவே அழிக்கும் முடிவை மனிதர் கையில் விட்டிருக்கிறார்கள். அதுமட்டுமன்று, நீக்கும் செயல் நிகழ்ந்தவுடன், இன்ன மனை நீக்கப்பட்டது என்னும் குறிப்புக் கோப்பு ஒன்று பொதுக் கோப்புறையில் புதிதாகப் பிறக்கிறது.

அவசரக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார். கட்டளையை இடாமல் கோப்புறையையே நேரடியாக அழித்துவிடுகிறார். இடம் வெறிதாகிவிடுகிறது, வேலை முடிந்தது என எண்ணுகிறார். சில மாதம் கழித்து, அதே பெயரில் புது மனை ஆக்க முற்பட்டால், அப்பெயர் ஏற்கெனவே உள்ளது என்று மென்பொருள் மறுக்கிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, மனை இல்லை. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வட்டோடு ஒப்பிட்டு, மனையில்லாப் பெயர்களைக் களையும் தனித் தெரிவு ஒன்று இதே கட்டளைக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு தவறு எத்தனை முறை நிகழ்ந்திருந்தால் அதற்கென்று ஒரு தெரிவே எழுதப்பட்டிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பெயர் எஞ்சுவது தொல்லை மட்டுமே. மனை எஞ்சுவது தீங்கு. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இயக்கமனைக்குள் தரவுத்தளத்தின் கடவுச்சொற்கள் இருக்கும். வெப்ஸ்பியரின் வழக்கமான அமைவில் அவை மறைக்குறியாக்கம் செய்யப்படுவதில்லை. பார்வைக்குப் புரியாதபடி எளிய உருமாற்றம் மட்டுமே பெற்றிருக்கும். வழி அறிந்தவர் சில நொடிகளில் மீட்டுவிடலாம். நிகழ்வுக் குறிப்புகளிலோ, நிரலை எழுதியவரின் கவனத்தைப் பொறுத்து, நோயாளியின் பெயரும் மாணவரின் அடையாள அட்டை எண்ணும்கூட விழுந்திருக்கலாம். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எந்த நோக்கத்திற்காகத் தரவு பெறப்பட்டதோ அந்நோக்கம் நிறைவேறியபின் அதை வைத்திருக்கலாகாது, நிலையாக அழித்துவிட வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. கூட்டரசும் மாநில அரசுகளும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரா. வணிக நிறுவனங்கள் வரும். அந்நெறியின்படி பதிவேட்டில் பெயரை நீக்கியது போதாது. கோப்புறை அழிந்ததா என்பதே கேள்வி. படிவத்தில் 'நீக்கப்பட்டது' என்று ஒருவர் கையெழுத்திடும்போது எந்தச் செயலுக்குக் கையெழுத்திடுகிறார் என்பதை அவர் பயன்படுத்தும் சொல் காட்ட வேண்டும்.

இவ்விடத்தில் நம் கலைச்சொற்களின் வரலாற்றைத் தொட்டாக வேண்டும். 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதைக் கணக்கிட்டே, மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு 2016இல் கொண்டாடப்பட்டது. கணினித் தமிழிலும் இம்மண்ணின் பங்கு சிறிதன்று. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் உலகத் தமிழர் பலருக்குக் கணினியில் எழுதும் வாய்ப்பைத் தந்தது. 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய தமிழ் இணையக் கூட்டம், 1999இல் சென்னை மாநாடு, 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பின் தோற்றம், 2001இல் கோலாலம்பூர் மாநாடு எனத் தொடர்ந்த முயற்சிகள் எழுத்துருவுக்கும் குறியேற்றத்திற்கும் விசைப்பலகைக்கும் முதலிடம் கொடுத்தன. எழுதவே முடியாத நிலையில் வேறெதற்கு முதலிடம் கொடுப்பது? திரையில் காணும் சொற்கள் அடுத்து வந்தன. பின்னறையில் சேவையகத்தை ஆளுவோரின் சொற்கள் கடைசியாக நின்றன. இன்னும் அங்கேயே நிற்கின்றன. 2003 முதல் சில ஆண்டுகள் நம் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறியிருந்ததும் இந்த இடைவெளியை அகலமாக்கியது என்றே நினைக்கிறோம்.

கூட்டிலிருந்து பிரிப்பது விலக்கல். ஏட்டிலிருந்து எடுப்பது நீக்கல். பொருளை இல்லாமற் செய்வது அழித்தல். இவை மூன்றும் புதிதாகப் படைக்க வேண்டிய சொற்கள் அல்ல. ஊர்விலக்கு, பெயர்நீக்கம், அழிபாடு என்று பேச்சில் கேட்டுப் பழகிய சொற்களே. விலக்கப்பட்டவன் பெயர் குடிக்கணக்கில் இருக்கும் என்பதும், பெயர் நீக்கப்பட்டவன் உயிரோடு இருப்பான் என்பதும் எந்தத் தமிழ் மாணவனுக்கும் விளக்கம் இன்றிப் புரியும். 'வீட்டை ஒழித்துக் கொடு' என்று வாடகை வீட்டாரிடம் கேட்கும் வழக்கும் உண்டு. மனைக்குள் இருப்பதை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு மனையை வெறிதாக்கும் செயலுக்கு 'ஒழித்தல்' மிகப் பொருந்தும். அரசியல் மேடைகள் அச்சொல்லைக் கடுமையாக்கி வைத்திருப்பதால் மட்டும் தயங்குகிறோம்.

மூன்றையும் ஒன்றாக்கிவிட முடியாதா என்று பொறியாளர்களும் எண்ணினார்கள். 2012இல் வெளிவந்த வெப்ஸ்பியர் லிபர்ட்டி அந்த எண்ணத்தின் விளைவு. அதில் பொதுப் பதிவேடு இல்லை. ஆக்கும் கட்டளை ஒரு கோப்புறையை உண்டாக்குகிறது, அக்கோப்புறையே சேவையகம். நீக்குவதற்குக் கட்டளையே தரப்படவில்லை. நிறுத்திவிட்டுக் கோப்புறையை அழித்தால் போதும். பதிவேட்டை எடுத்துவிட்டதால் பதிவேட்டிற்கும் மனைக்கும் இடையிலான பிணக்கும் போயிற்று. ஓராண்டிற்குப் பின், 2013இல், டாக்கர் என்னும் மென்பொருள் பரவியபோது, சேவையகம் முழுவதையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து வேண்டும்போது திறந்து வேண்டாதபோது எறிந்துவிடும் முறை வழக்கமாயிற்று. பழைய வெப்ஸ்பியரையே இவ்வாறு பெட்டியில் அடைக்கும்போது, இயக்கமனை ஒரேயொரு முறை, பெட்டி செய்யும் வேளையில் ஆக்கப்படுகிறது. பிறகு மனையை யாரும் நீக்குவதில்லை, பெட்டியை எறிகிறார்கள்.

டாக்கர் என்னும் சொல் ஆங்கிலத்தில் துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும். அப்பெட்டியின் பெயரும் கப்பல் சரக்குப் பெட்டியிலிருந்து வந்ததே. நம் துறைமுகத்திலும் அத்தகைய கொள்கலன்கள் வந்தபின் சரக்குப் பணி தீவை விட்டு பட்டர்வொர்த் கரைக்குச் சென்றுவிட்டது. எறிந்துவிடத்தக்க பெட்டிக்குள் தரவை வைத்தால் தரவும் போய்விடும் அல்லவா? ஆகவே தரவைப் பெட்டிக்கு வெளியே, பெயரிட்ட சேமிப்பிடத்தில் வைக்கிறார்கள். பெட்டியை நீக்கும் கட்டளை அச்சேமிப்பிடத்தைத் தொடுவதில்லை. அதற்கு வேறு கட்டளை உண்டு. எந்தப் பெட்டியோடும் தொடர்பற்றுக் கிடக்கும் சேமிப்பிடங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் வழியும் அதில் இருக்கிறது. பல மாதம் ஓடிய கணினியில் அதை இட்டுப் பார்த்தால், யார் எப்போது எதற்காக ஆக்கினார் என்று எவரும் சொல்ல இயலாத சேமிப்பிடங்கள் வரிசையாக வந்து நிற்கும்.